ரோமன் ஐயாவின் வெற்றிக் கிண்ணம்

நரைத்த தலையோடு ஒரு வெள்ளைக்காரரைக் கண்டால் போதும், நம் பாரிஸ் தமிழ்ச் சங்கத்துக்காரர் பொன்னாடையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். யார், எவர் என்ற விசாரிப்பெல்லாம் பிறகுதான். போன வருட விளையாட்டுப் போட்டிக்கு ரோமன் ஐயாவைப் பிரதம விருந்தினராகக் கூட்டிவந்தவள் யசோதினி. மார்க்ஸ் டோர்மோய் பகுதியில் உள்ள வீட்டில் அவரைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றிச் சாப்பாடு கொடுப்பது அவளுடைய வேலை. தொண்ணூறு தாண்டிய தனிக்கட்டை, பாவம் என்று நினைத்துவிட்டாள்.

பிள்ளைகளின் அணிவகுப்பைப் பார்த்ததும் கிழவருக்கு உயிர் வந்துவிட்டது. மறுநாள் அவள் கால் துடைத்துவிடும்போது வாயும் திறந்தது. ஜெர்மன்காரர் பிரான்சின் அல்சாஸைப் பிடித்து வைத்திருந்த காலத்தில், ஹிட்லரின் சிறுவர் படையில் அவர் ஒரு அணித் தலைவராம். யுத்தத்தின் கடைசிக் குளிர்காலத்தில் அவர் அணியின் இரண்டு பையன்கள் பயந்து வீட்டுக்கு ஓடிவிட்டார்கள். ஒளிந்திருந்த இடத்தை இவரே காட்டிக் கொடுத்தார். சுட்டுவிட்டார்கள். இருவருக்கும் பதினாலு வயது. ஒழுங்கு என்றால் ஒழுங்குதான் என்றார், கொஞ்சமும் கூசாமல்.

யசோதினி துடைப்பதை நிறுத்தினாள். வன்னியில் கடைசிச் சண்டையின்போது அவள் தம்பியும் இப்படித்தான் இயக்கத்துப் படையிலிருந்து ஓடிவந்து ஒளிந்திருந்தான். அவனையும் யாரோ காட்டிக் கொடுத்தார்கள். அதன்பிறகு அவன் வரவில்லை.

இதற்குள் சங்கம் ரோமன் ஐயா பெயரில் இந்த வருடச் சிறுவர் ஓட்டத்துக்குக் கிண்ணம் அறிவித்துவிட்டது. ரூ லூயி-பிளாங் தெருவில் போன் கடை வைத்திருக்கும் தலைவர் கரிகாலனிடம் ஓடினாள்.

"அண்ணை, அந்தாளின்ரை பேரிலை பிள்ளையளுக்கு ஒண்டும் குடுக்காதேங்கோ." எல்லாவற்றையும் சொன்னாள்.

"கிண்ணத்திலை பேர் வெட்டியாச்சு, பிள்ளை. பழங்கதையைக் கிளறாதை."

செயலாளரும் அதையேதான் சொன்னார். சுவரோடு பேசியிருக்கலாம். ஆத்திரத்தில் அழுகைதான் வந்தது.

இந்த வருடப் போட்டி நாளில் அவருக்கு உடுத்திவிட்டுக் கூட்டிவந்ததும் அவள்தான். வேலை அல்லவா? பேர்ளி என்ற சின்னப் பெண் ஓட்டத்தில் வென்று கிண்ணத்தை வாங்கினாள். தாய் தமிழில் எது கேட்டாலும் பிரெஞ்சில் பதில் சொல்லும் பிள்ளை அது. அடுத்து ஐயாவின் பேச்சு, மொழிபெயர்ப்பு யசோதினி. ஒலிவாங்கியை அவரிடம் நீட்டி, "அந்த இரண்டு பையன்களைப் பற்றிச் சொல்லுங்கள், மிசியே," என்று பிரெஞ்சில் கேட்டாள்.

கிழவர் சந்தோஷமாகச் சொன்னார். ஒன்றும் விடாமல், பெருமையாக.

கரிகாலன் பதறி எழுந்தார். யசோதினி தமிழில் சொல்லுமுன்பே பெற்றோர் பலமாகக் கைதட்டினார்கள். சமையல்கட்டுக்கும் மெத்ரோ ரயிலுக்கும் போதுமான பிரெஞ்சுதான் அவர்களுக்கு. விருந்தினர் பேசி முடித்தால் தட்டுவது வழக்கம். பிள்ளைகள் மட்டும் அசையாமல் நின்றார்கள்.

பேர்ளி கிண்ணத்தை அவர் காலடியில் வைத்தாள்.

"என்னடி செய்யிறாய்? ஐயாவுக்கு மெர்சி சொல்லு!" என்று தாய் கத்தினாள், தட்டுவதை நிறுத்தாமலே.

பேர்ளி திரும்பி, தமிழில் சொன்னாள்: "அம்மா, கை தட்டாதேங்கோ."