நான் உரித்த லேபிள்

என் வீட்டுக்காரருக்குப் புற்றுநோய். வலிக்குச் சித்த மருத்துவர் எழுதிக் கொடுத்த லேகியத்தில் கஞ்சா இலையும் உண்டு; சீட்டு இருந்தால் குற்றமில்லை என்றார். நான் கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீசில் லேபிள் ஒட்டுகிறவள். நாத்தனார் வீட்டுக் கல்யாணத்தில் யாரும் 'கஞ்சா' என்ற எழுத்தைப் பார்க்கக் கூடாதென்று, டப்பாவின் லேபிளை நனைத்து உரித்தேன். சீட்டையும் எடுக்கவில்லை.

கல்யாணத்துக்குப் போகும்போது எட்டயபுரம் பஸ்ஸில் போலீஸ் சோதனை. லேபிள் இல்லாத டப்பாவை எடுத்து என்னவென்று கேட்டார்கள்.

"வலி மருந்துய்யா. கஞ்சா எலை சேர்த்ததுன்னு டாக்டர் சொன்னாவ" என்றேன். எங்கள் இருவரையும் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள். மகள் சீட்டோடு வரும்வரை அவர் பெஞ்சில் துடித்தார். டப்பா எதிரே மேசையில்தான் இருந்தது.

"ஒரு உருண்டை குடுங்கய்யா, துடிக்காவ."

"அது கேஸ் சரக்கு. தொடக் கூடாது."

சீட்டைப் பார்த்ததும் விட்டுவிட்டார்கள்.

இப்போது சீட்டில்லாமல் வாசல் தாண்டுவதில்லை. லேபிள் வெளியே தெரியும்படிதான் டப்பாவைக் கொண்டுபோகிறேன். எல்லாரும் பார்க்கட்டும். அவர் துடித்ததையும் எல்லாரும் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்கள்.