கன்னத்தில் வைத்துப் பார்த்த டப்பா

போன வாரம் என் மகன் ஒரு புதுக் கைப்பேசி வாங்கி வந்தான். கைப்பேசியோடு அவன் அறைக்குள் போய்விட்டான், பெட்டி மேசைமேல் கிடந்தது. எங்கள் வீட்டில் எனக்கு எப்போதும் பெட்டிதான் மிஞ்சும். எடுத்துப் பார்த்தேன். மூடி சட்டென்று கழன்று வரவில்லை, உள்ளேயிருந்து யாரோ பிடித்துக்கொண்டு மனசில்லாமல் விடுவதுபோல் மெல்ல வந்தது. மேல்பக்கம் வழவழப்பும் இல்லை, சொரசொரப்பும் இல்லை. பூனைக்குட்டியின் காதைத் தொட்டதுபோல் இருந்தது. விரலை எடுக்க மனம் வரவில்லை. தண்ணீர் குடிக்க வெளியே வந்த மகன், "என்னம்மா, பெட்டியப் போயி தடவிக்கிட்டு இருக்கீங்க?" என்றான். "ஒரு காலத்துல இதுதான்டா எனக்கு வேல" என்றேன். நான் வேடிக்கையாகச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போனான். வேடிக்கை இல்லை. என்ன நடந்தது என்று உங்களிடமாவது சொல்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். பள்ளியின் கடைசித் தேர்வான ஐந்தாம் படிவம் எழுதி முடித்து, தேர்வு முடிவை யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று ஒளிந்து திரிந்த எனக்கு, கோலசிலாங்கூரில் ஒரு கடைவரிசையின் மாடியில் வேலை கிடைத்தது. சரோஜா அக்காவின் முகப்பவுடர் கம்பெனி. கம்பெனி என்று சொன்னால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். இரண்டு அறை, ஒரு தராசு, பவுடர் சலிக்கும் ஒரு இயந்திரம், டப்பாவில் நிரப்ப ஆறு பெண்கள். எனக்குக் கிராணி வேலை, அதாவது கணக்கெழுதும் வேலை, என்று பெயர். தேநீர் கலக்குவது, தொலைபேசி எடுப்பது, டப்பாக்களைக் கட்டுவது எல்லாம் அந்தக் கிராணிதான். வார நாள்களில் சின்னம்மா வீட்டில் தங்கிக்கொண்டு சனிக்கிழமை அம்மா வேலை பார்த்த ரப்பர் தோட்டத்துக்குப் போவேன். பஸ்ஸில் நான் ஏறினால் மல்லிகை வாசமும் கூடவே ஏறும். "நீ முச்சந்தியில வரும்போதே காத்து சொல்லிருது" என்பார் அம்மா. பவுடர் வாசம் எனக்குப் பழகி, சொந்த மூக்குக்கு மட்டும் எதுவும் தெரியாமல் போயிருந்தது.

நிரப்பும் பெண்களின் விரல்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். காலையிலிருந்து மாலைவரை பவுடருக்குள்ளேயே கை இருப்பதால் ரேகைகூட மழுங்கி, மெழுகிவிட்டதுபோல் இருக்கும். காகிதத்துக்கு அடியில் ஒரு தலைமுடி சிக்கியிருந்தால்கூட மேலே தடவியே சொல்லிவிடுவார்கள். சிலாங்கூரிலேயே மெத்தென்ற விரல்கள் எங்கள் மாடியில்தான் இருந்தன என்று அடித்துச் சொல்வேன். அதுவே பின்னால் எங்களுக்கு வினையாகவும் வந்தது.

அந்தக் காலத்தில் எதையும் தொட்டுத்தான் வாங்குவோம். நகைக்கடையில் தோட்டைச் சுற்றித் தரும் ரோஸ் காகிதம், கையில் வாங்கும்போதே ஒரு சரசரப்பு. தீர்ந்துபோன பிஸ்கட் டின்னின் மூடியில் புடைத்து நிற்கும் மயிலை எத்தனை பிள்ளைகள் தடவித் தடவிக் கழுத்துச் சாயத்தைக் கரைத்திருப்போம். ஒருநாள் சரோஜா அக்கா கருவாடு வாங்க என்னையும் கூட்டிக்கொண்டு ஆற்றுக்கு அக்கரையில் பாசிர் பெனம்பாங் போனார். அங்கே பெண்கள் கருவாட்டை வளைத்துப் பார்க்கிறார்கள், காய்ந்த இறாலை உள்ளங்கையில் உருட்டிப் பார்க்கிறார்கள், கடைக்காரரும் ஒன்றும் சொல்வதில்லை. அக்கா பேரத்தை மறந்து அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கருவாட்ட தொட்டு வாங்குறோம், சீலைய தொட்டு வாங்குறோம். பவுடர மட்டும் தொட முடியலலா. அது டப்பாக்குள்ள இருக்கு. அப்ப டப்பாவயாச்சும் தொட வைக்கணும்" என்றார்.

அவருக்கு அந்த யோசனை சும்மா வரவில்லை. பெரிய கம்பெனிகளின் பளபள டின்கள் கடைகளில் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. எங்கள் அட்டை டப்பாக்கள் பின்வரிசைக்குப் போய், அங்கேயிருந்து எங்களிடமே திரும்பி வந்துகொண்டிருந்தன. தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது அக்கா எல்லாரையும் உட்கார வைத்துச் சொன்னார். "இந்தத் தீவாளி பாப்போம். தோட்டத்துக் கடையில போச்சின்னா இருப்போம். போவலன்னா கதவச் சாத்திருவோம். மறைச்சி என்ன பண்றது." ஆறு பெண்களும் தலைகுனிந்து டப்பாவை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் நான்கு பேரின் வீட்டில் அவர்கள் சம்பளம்தான் அடுப்பெரித்தது. அன்றைக்கு எனக்குத் தேநீரில் சீனி போட மறந்துபோயிற்று, யாரும் கேட்கவும் இல்லை.

அச்சடிக்கும் ஆ லியோங்கின் கடை இரண்டு கதவு தள்ளி. நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுவார், கோபம் வந்தால் மட்டும் சீன மொழிக்குப் போவார். அக்கா கேட்டபடி பித்தளையில் ஒரு மல்லிகைக் கொடி செதுக்கி வாங்கி வந்திருந்தார். மேலே ஓர் அச்சு, கீழே அதற்குப் பொருந்தும் குழி. நடுவில் டப்பாமேல் ஒட்டும் வெள்ளைத் தாளை வைத்துக் கைப்பிடியை இழுத்தார். மை கிடையாது, சாயம் கிடையாது. தாளை எடுத்து, "தங்கச்சி, கண்ண மூடு" என்றார். மூடினேன். என் விரலுக்கடியில் ஒரு கொடி ஓடியது. இலை வந்தது, நரம்பு வந்தது, பூ வந்தது, இதழின் மடிப்பு வந்தது. வெறும் தாளுக்குள்ளிருந்து ஒரு செடி முளைத்து வந்த அதிசயத்தில் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இன்றைக்கு நினைத்தாலும் சிலிர்க்கிறது.

மாடிக்குக் கொண்டுபோனோம். ஆறு பெண்களும் மாற்றி மாற்றித் தடவினார்கள். "அக்கா, காம்புல முடிச்சுகூட தெரியுது" என்றாள் ஒருத்தி. "இன்னும் கொஞ்சம் சன்னமா இருந்தா இன்னும் நல்லாருக்கும்" என்றாள் இன்னொருத்தி. சன்னமாகவே அடித்தோம். மேலே பளபளவென்று மெருகெண்ணெயும் பூசினோம். பட்டணத்துக் கடைக்காரர்கள் டப்பாவைக் கீழே வைக்காமல் பேசிக்கொண்டிருந்தார்கள். அக்காவின் முகத்தில் ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு தெளிவு. முதல் கட்டு தோட்டத்துக் கடைகளுக்குப் போயிற்று.

அடுத்த சனிக்கிழமை எங்கள் தோட்டத்துக் கடையில் ஒரு மணிநேரம் நின்று பார்த்தேன். பால்மரம் வெட்டிவிட்டு வந்த பெண்கள் டப்பாவை எடுத்தார்கள், பார்த்தார்கள், அப்படியே வைத்துவிட்டு உப்பும் வெங்காயமும் வாங்கிக்கொண்டு போனார்கள். ஒரு கைகூடக் கொடியின்மேல் நிற்கவில்லை. "நல்லாத்தான் இருக்கு, ஆனா யாரும் சீந்தலயே" என்றார் கடைக்காரர். எனக்கு அழுகையாக வந்தது. ஒரு டப்பாவை எடுத்துக்கொண்டு தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்கு நடந்தேன்.

அம்மா குளியலறை வாசலில் உட்கார்ந்து, கையில் ஒட்டியிருந்த ரப்பர் பாலை மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு டப்பாவை வாங்கினார்.

"பூ போட்டிருக்கு. அழகாதான் இருக்கு."

"தடவிப் பாரும்மா."

"தடவுறன்லா."

"பூ தெரியுதா?"

"கண்ணுக்குத் தெரியுது."

"கைக்குமா?"

அம்மா என்னை விநோதமாகப் பார்த்தார். "கைக்கு என்னத்தத் தெரியும்? பால் வெட்டுற உளி புடிச்ச கை. இது சொல்லாது." சொல்லிவிட்டு, மிக இயல்பாக, டப்பாவைத் தூக்கித் தம் கன்னத்தில் வைத்து மெல்ல இழுத்தார். கண் தானாக மூடிக்கொண்டது. நான் அச்சுக்கடையில் நின்றதுபோலவே நின்றார் அவர். "அடியே, கொடி ஓடுதே. எல மேல நிக்குதே. இத எப்படிடி செஞ்சாங்க?" என்று கேட்டவர், மறு கன்னத்திலும் வைத்துப் பார்த்தார்.

நானும் அந்த லயத்தில் பிறந்தவள்தான். அம்மாவின் கை காய்த்துப்போன கை என்று தெரியும். சூடான சட்டியைத் துணியில்லாமல் இறக்குவார் என்று பெருமையாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருக்கிறேன். ஆனால் அந்தக் கைக்குள் என்னென்ன போய்ச் சேராது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. சாயங்காலம் தண்ணீர்க் குழாயடிக்கு டப்பாவைக் கொண்டுபோனேன். வரிசையில் நின்ற பெண்களிடம் கொடுத்தேன். சொல்லிவைத்ததுபோல ஒருவர் கன்னத்தில் வைத்தார், ஒருவர் முழங்கையின் உள்பக்கம் இழுத்தார், ஒருவர் வெட்கப்பட்டுக்கொண்டே உதட்டில் ஒற்றினார். "நாங்க சீலயக்கூட இப்படித்தான பாப்போம், ஒனக்குத் தெரியாதா?" என்றார் பக்கத்து வீட்டு அத்தை. குடங்களைக் கீழே வைத்துவிட்டு, கண்ணை மூடி, கன்னத்தால் ஒரு பூவைத் தேடிக்கொண்டிருந்த அந்தப் பெண்களைப் பார்க்க எனக்குக் கோயிலில் நிற்பதுபோல் இருந்தது. குழாய் பாட்டுக்குத் திறந்து கிடந்தது, மூடத் தோன்றவில்லை.

கடைத் தொலைபேசியில் நான் சொன்னதைக் கேட்டு, மறுநாள் சரோஜா அக்காவே வந்தார். பார்த்தார். திரும்பும்போது பஸ் நிறுத்தத்தில், "எங்கம்மாவும் மரந்தானடி வெட்டுனாங்க. பக்கத்துலயே படுத்துத் தூங்குனன். எனக்கு எப்படித் தோணாமப் போச்சு" என்றார். பஸ்ஸில் ஏறும்வரை தம் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கொடி போயிற்று. அதற்குப் பதில் ஒரே ஒரு மொட்டு, கட்டைவிரல் அளவில், நன்றாகத் தூக்கலாக. அவ்வளவு தூக்கினால் தாள் கிழியும் என்று ஆ லியோங் சீனத்துக்குப் போய்விட்டார். பிறகு அவரே தடித்த, பருத்தித் துணி மாதிரியான ஒரு தாளைத் தேடிப் பிடித்து, கொதிக்கும் கெண்டியின் ஆவியில் காட்டி ஈரப்பதமாக்கி அழுத்தினார். பத்துக்கு மூன்று கிழிந்தது. மெருகெண்ணெய் வேண்டாம், கன்னத்துக்குச் சில்லென்று வழுக்கும் என்று சொன்னது ஆறு பெண்களில் ஒருத்தி. எல்லாம் முடிந்து பார்த்தால், பட்டணத்துக் கடைக்காரர் ஒருவர் சொன்னதுபோல, கல்யாண வீட்டில் பாக்குப் போட்டுக் கொடுக்கும் பொட்டலம் மாதிரிதான் இருந்தது.

முதல் டப்பாவை அம்மாவிடம் கொடுத்தேன். மொட்டைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. அம்மா வழக்கம்போல் வாங்கித் திருப்பினார். கட்டைவிரல் போய்க்கொண்டே வந்து, ஓரிடத்தில் நின்றது. பின்னால் போயிற்று. மறுபடியும் வந்து நின்றது.

"இங்க என்னமோ இருக்குலா" என்றார் அம்மா, கொஞ்சம் பயந்த குரலில்.

அந்தத் தீபாவளிக்குத் தோட்டத்துக் கடைகளில் எங்கள் டப்பா முன்வரிசையில் நின்றது. கைகள் வந்து மொட்டில் தட்டி நிற்கும், பிறகு டப்பா கன்னத்துக்குப் போகும். வியர்வையும் திருநீறும் ஒட்டிய டப்பாவை அடுத்தவருக்கு எப்படி விற்பது என்று எங்கள் கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே இன்னொரு கட்டுக்குச் சொல்லிவிட்டார். சரோஜா அக்கா கதவைச் சாத்தவில்லை. ஆறு பெண்களும் பண்டிகைக்குப் புதுச் சீலை கட்டிக்கொண்டு மாடிக்கு வந்து, பவுடர் கொட்டிவிடுமே என்று ஓரமாக நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அதெல்லாம் சில வருஷம்தான். பிறகு பிளாஸ்டிக் புட்டி வந்தது, மலிவாக, மழுமழுவென்று. டப்பா நின்றது. ஆ லியோங் பித்தளை அச்சை எடைக்குப் போட்டார். எங்கள் தோட்டத்தில் பால்மரங்களைச் சாய்த்து எண்ணெய்க்காகச் செம்பனை நட்டார்கள். கடை இருந்த இடமும் செம்பனைக்குள் போய்விட்டது. எனக்குக் கல்யாணமாகி ரவாங்குக்கு வந்தபோது அம்மாவையும் கூட்டி வந்துவிட்டேன். உளியை விட்ட கை வீட்டு வேலை மட்டும் பார்த்தது. தோல் முதலில் வெடித்தது, பிறகு செதில் செதிலாக உரிந்தது. ஏதோ நோய் என்று பயந்து மருத்துவரிடம்கூடக் காட்டினோம். நோய் இல்லை, காய்ப்பு போகிறது என்றார் அவர்.

எண்பதுகள் முடியும் சமயம் எனக்கு மூத்தவள் பிறந்தாள். ஒரு காலையில் அம்மா காலை நீட்டி உட்கார்ந்து குழந்தையைக் குளிப்பாட்டித் துவட்டி, புட்டியிலிருந்து பவுடரைக் கையில் தட்டிக் கன்னத்தில் பூசினார். பூசிய கை அப்படியே நின்றுவிட்டது. நான் பதறிப்போய், "என்னம்மா?" என்றேன். அம்மா குழந்தையின் கன்னத்தையும் காது மடலையும் தொடையின் மடிப்பையும் விரல் நுனியால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். நாலு பிள்ளை பெற்று வளர்த்தவர், குழந்தை எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் கண்டுபிடித்ததுபோல் அவர் முகம் இருந்தது.

"ஒங்க நாலு பேரையும் என் கன்னத்துக்குத்தான் தெரியும்" என்றார். "இந்தக் கைக்குத் தெரியாது. நீங்களும் இப்படித்தான இருந்திருப்பீங்க?"

"இப்படித்தான்மா இருந்திருப்போம்" என்றேன்.

அம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு, எட்டி என் கன்னத்தைத் தொட்டார். அது வெயிலும் பஸ் புகையும் பட்டு, அதற்குள் இருபத்தைந்து வயதுக் கன்னமாகியிருந்தது.