தெருவின் இரு முனைகளில் ஒரு முகம்

ஐப்பசி, செவ்வாய்க்கிழமை: காலையில் என் மனைவி காலடிப்பேட்டை வீட்டில் இறந்தாள். நுரையீரல் நோய். புதன்: தகனம். வெள்ளி: கண்ணீர் அஞ்சலி பேனருக்குப் படம் கொடுக்க மகளும் நானும் திருவொற்றியூரில் ஒரு பிரிண்டிங் கடைக்குச் சென்றோம். ஞாயிறு: எங்கள் தெருவில் இரண்டு பேனர்கள் கட்டப்பட்டன.

இரண்டாவது பேனர் ஏன் வந்தது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

கல்லூரியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றபின் புகைப்படம் எடுக்கத் தொடங்கினேன். முதலில் வாங்கிய பெரிய கேமராவில் எண்ணூர் முகத்துவாரத்தையும் துறைமுகக் கிரேன்களையும் எடுத்தேன். படங்கள் கூர்மையாக இருந்தன; அவற்றில் வேறொன்றும் இல்லை. மனைவி படுக்கையில் விழுந்தபின் நான் வெளியே செல்வது நின்றது. கனத்த கேமராவை விற்று, ஜூம் இல்லாத லென்ஸுடன் சிறிய கேமரா ஒன்றை வாங்கினேன். அவள் முகம் பெரிதாக வேண்டுமென்றால் நானே அருகில் செல்ல வேண்டும். ஃபிளாஷைக் கைவிட்டேன். கேமராவுக்கு அருகிலிருக்கும் கண்ணில் ஃபோகஸ் வைக்கப் பழகினேன். ஜன்னல் கண்ணாடியில் படிந்த ஆலைச் சாம்பல் வெளிச்சத்தை மென்மையாக்கியது. அதனால் அதைத் துடைக்காமல் விட்டேன். பல மாதங்களுக்குப் பின் ஒரே ஒரு படம் சரியாக வந்தது.

அதில் அவள் மூக்கில் ஆக்சிஜன் குழாய் இருக்கிறது. எடுக்கும் முன், கழற்றட்டுமா என்று கேட்டேன்.

"கழட்டுனா மூச்சு வாங்கிகினு வேற மூஞ்சி ஆயிடும். அந்த மூஞ்சியயா எடுக்கப் போறீங்க? இப்டியே எடுங்க," என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் எடுத்த படம் அது.

கடையில் கணினி முன் இருந்தவர் படத்தைத் திறந்ததும், "டியூபைத் தூக்கிர்லாம் சார், ரெண்டு நிமிசம்," என்றார்.

"வேண்டாம்."

"இன்னா சார், ஆஸ்பத்திரி போர்டு மாரி கீது!"

மகள் குறுக்கிட்டாள். "எடுத்துடுங்கண்ணா. எங்கம்மாவ ஊரே நோயாளியாப் பாக்கணுமா? பட்டுப்பொடவ போடுங்க. கம்மலும்."

அவள் அம்மா சொன்னதை அந்நியர் முன் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

குழாய் மறைந்தது. அது அழுத்தியிருந்த கன்னத்தில் மென்பொருள் புதுத் தோலை நிரப்பியது. சிரிப்பின் இடப்பக்கக் கோடும் அதோடு போனது. பச்சைப் பட்டும் கம்மலும் வந்தன. மகள் திரையைத் தொட்டு, "அம்மா," என்று அழுதாள். எனக்கு அந்தப் பெண்ணைத் தெரியவில்லை. இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டும் அச்சாயின.

தெருவின் கடற்கரை முனையில் என் பேனர்; நெடுஞ்சாலை முனையில் மகளுடையது. காரியத்தன்று உறவினரை இறக்கிவிட்ட ஆட்டோக்காரர், என்னை யாரென்று அறியாமல், "இன்னா நைனா, ஒரே தெருவுல ரெண்டு பொம்பளைங்க பூட்டாங்களா?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற மகள் உள்ளே போய்விட்டாள்.

அன்று மாலை என் பேனரை அவிழ்த்தேன். ஒருத்திதான் இறந்தாள் என்பதாவது தெருவுக்குத் தெரியட்டும்.

இன்னும் செய்யாதவை:

ஆக்சிஜன் இயந்திரத்தை வாடகைக்குத் தந்தவரிடம் திருப்பிக் கொடுப்பது.
சுருட்டிய பேனருக்கு வீட்டில் ஓர் இடம் பார்ப்பது.
தன் வீட்டுக்குத் திரும்பிவிட்ட மகளைத் தொலைபேசியில் அழைப்பது. அவள் அம்மா அன்று சொன்னதைச் சொல்வது.