பதினோரு மணி போன்

ஆய்வகத்தில் அவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். புற்றுநோய்ச் செல்களை வளர்த்துத் தருவது அவள் வேலை. ஆய்வகத் தலைவி டாக்டரம்மாவின் ஆய்வுக் கட்டுரையில் இருந்த எண்களெல்லாம் அவள் கையிலிருந்து வந்தவை. அதே சோதனையை வேறோர் ஆய்வகத்தில் செய்தபோது அந்த எண்கள் வரவில்லை. அங்கிருந்து ஓர் ஆய்வாளர் வந்து, நோட்டும் கையுமாக அவள் முதுகுக்குப் பின்னால் நின்றார்.

இரண்டு நாள், இரண்டு தட்டு. இரண்டிலும் செல்கள் சீராகப் பரவாமல், தட்டிலுள்ள சிறு குழிகளின் ஓரத்தில் போய் அப்பிக்கொண்டன. எண்கள் தாறுமாறு.

“அடுத்ததும் இப்படின்னா கட்டுரையை வாபஸ் வாங்கணும்,” என்றார் டாக்டரம்மா, அவள் முகத்தைப் பார்க்காமல். இத்தனை நாள் எண்களை ஜோடித்தாளோ என்ற சந்தேகம் அந்தக் குரலில் இருந்தது.

வீட்டில் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள்.

“கண்ணுக்குச் சொட்டு விடச் சொல்லித் தினமும் பதினோரு மணிக்குக் கூப்பிடுவியே, ரெண்டு நாளா காணோம்? கிழவி கண்ணு போனா போகட்டும்னா?” என்றாள் மாமியார்.

அவள் குழாயை மூடினாள். செல்களைத் தட்டில் ஊற்றிய கையோடுதான் அந்தப் போன். மாமியார் புலம்பி முடிக்க இருபது நிமிடம் ஆகும். அதுவரை தட்டு மேஜைமேலேயே அசையாமல் இருக்கும். ஊற்றியதும் இன்குபேட்டரில் வைக்கச் சொல்கிறது செய்முறைத் தாள். ஆள் நிற்கிறாரே என்று இரண்டு நாளும் போன் பேசாமல், தாளில் உள்ளபடியே செய்திருந்தாள்.

சொன்னால் வேலை நேரத்தில் கதையளந்தவள். சொல்லாவிட்டால் பொய் எண் எழுதியவள்.

காலையில் சொல்லிவிட்டாள். ஆய்வாளர் சிரிக்கவில்லை. “பேசுங்கக்கா. நான் நேரம் பாக்கறேன்.”

தட்டில் செல்களை ஊற்றி மேஜைமேல் விட்டுவிட்டு, பதினோரு மணிக்குக் கூப்பிட்டாள். “பக்கத்துல யாருடி?” என்றது போன்.

“என் வேலையைப் பாக்க வந்தவர், அத்தை.”

“நீ வேலை செய்யறதைப் பாக்கறதுக்கு ஒரு வேலையா? நல்ல ஆபீஸ்!”

மறுநாள் செல்கள் சீராகப் பரவியிருந்தன. எண்களும் ஒத்துவந்தன. டாக்டரம்மா அவளை நிமிர்ந்து பார்த்தார்.

“இது உங்க கை. என் கையிலயும் வரணுமே,” என்றார் ஆய்வாளர். தாளில் ‘இருபது நிமிடம் மேஜையில் வைக்கவும்’ என்று எழுதிவிட்டு, தானே ஒரு தட்டில் ஊற்றினார். அவள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றாள். அவருக்குப் போன் பேச யாருமில்லை. ஐந்தாவது நிமிடம் கை தட்டை நோக்கிப் போனது.

அவள் கதவைத் தட்டினாள். “ஐயோ, தொடாதீங்க!”

கை பின்வாங்கியது.

அடுத்த நாள் அவர் தட்டிலும் செல்கள் சீராகவே பரவியிருந்தன. அவள் பேனாவை வாங்கி, தாளில் இன்னொரு வரி சேர்த்தாள்: ‘தட்டைத் தொடக் கை பரபரக்கும். தொட வேண்டாம்.’