பின்சக்கரத்தில் ஒரு கீச்சு

அந்தப் பட்டறையில் மெக்கானிக்கின் சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. ‘பாம்புக்காது’ என்று கேட்டால் தெருமுனைத் தையல்காரர்கூட எழுந்து வந்து வழி காட்டுவார். வண்டி வாசலுக்குள் நுழையும்போதே, உள்ளே எதையோ கழுவிக்கொண்டிருக்கும் மனிதர் தலையைத் தூக்காமல், “முன்பக்கம் இடது பேரிங் போச்சு” என்பார். கழற்றிப் பார்த்தால் போயிருக்கும். முப்பது வருடமாக இதே கதைதான். அதனால் அவருக்கு ஒரு கொள்கை உண்டு. எந்தச் சக்கரம் என்று காது சொல்லாதவரை கை ஸ்பானரைத் தொடாது. “கழட்டிப் பாத்துதான் கண்டுபிடிக்கணும்னா அதுக்கு எதுக்கு மெக்கானிக்?” என்பார். தலைக்கனம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் உழைத்துச் சம்பாதித்த தலைக்கனம்.

கணக்கு டீச்சர் முதல் தடவை வந்தது ஒரு திங்கட்கிழமை, பள்ளிக்கூடம் போகிற அவசரத்தில்.

“வண்டி மெதுவாப் போறப்போ பின்னாடி கீச்சு கீச்சுன்னு ஒரு சத்தம் அண்ணா. பிரேக் பக்கம்தான்னு நினைக்கிறேன்.”

மெக்கானிக் டீச்சரைக் காரில் பக்கத்தில் உட்கார வைத்து மூன்று தெரு ஓட்டினார். கண்ணாடிகளை இறக்கிவிட்டார். மெல்லப் பிரேக் பிடித்துப் பார்த்தார், அழுத்திப் பிடித்துப் பார்த்தார். எஞ்சினின் முனகல் கேட்டது, டயர் உருளுவது கேட்டது, குழியில் இறங்கும்போது எங்கேயோ ஒரு ‘லொடக்’ கேட்டது. அவ்வளவுதான்.

“இதோ, இப்ப வருது பாருங்க,” என்றார் டீச்சர்.

“தூசியா இருக்கும் டீச்சர். ரெண்டு நாள் ஓட்டுங்க, தானாப் போயிடும்.”

போகவில்லை. பத்தாம் நாள் டீச்சர் மறுபடி வந்தார். மறுபடி அதே மூன்று தெரு, அதே லொடக். இந்தத் தடவை மெக்கானிக்குக் கொஞ்சம் சுருக்கென்று இருந்தது. தனக்குக் கேட்காத சத்தம் இன்னொருவருக்கு எப்படிக் கேட்கும்?

“வண்டில ஒண்ணும் இல்ல டீச்சர். நீங்க அதையே நினைச்சுக்கிட்டு ஓட்டுறீங்க.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தச் சிரிப்புதான் டீச்சருக்கு அதிகம் வலித்தது. முகம் சிவந்து, வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

ஐந்து நாள் கழித்து மூன்றாம் தடவை வந்தவர், நேராகக் கைபேசியை எடுத்து உதிரி பாகக் கவுண்டரின் மேல் வைத்தார். அன்று காலை பின் சீட்டில் உட்கார்ந்து மகள் தானாகவே பதிவு செய்ததாம். கவுண்டருக்கு அந்தப் பக்கம் மெக்கானிக்கின் மனைவி போல்ட்டுகளை அளவுவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தார். சத்தம் ஓடத் தொடங்கியதும் கையிலிருந்ததைப் போட்டுவிட்டார்.

“அம்மாடி! பல்லு கூசுது. தகரத்த ஆணியால கீறுற மாதிரி இருக்கே!”

தன் வண்டிக்காகப் பெஞ்சில் காத்திருந்த ஒருவரும் காதைப் பொத்திக்கொண்டார்.

மெக்கானிக் குனிந்து கேட்டார். எஞ்சின் ஓடுவது கேட்டது. காற்றடிப்பது கேட்டது. சின்னப் பிள்ளை ஒன்று சிரிப்பது கேட்டது.

“இன்னொரு தடவ போடுங்க.”

போட்டார்கள். இந்தத் தடவை அவர் கைபேசியைப் பார்க்கவில்லை, முகங்களைப் பார்த்தார். மூன்று முகமும் ஒரே நேரத்தில் சுளித்தன.

“ஆமா, ஆமா. கேக்குது,” என்றார்.

“எந்தப் பக்கம் அண்ணா?”

மெக்கானிக் பின்சக்கரங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, “ரெண்டு பக்கமும் கழட்டிப் பாத்துடறேன்,” என்றார். மனைவி நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருடத்தில் அந்த வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் வந்ததில்லை. டீச்சர் நான்கு மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடம் போனார்.

இடது பின்சக்கரத்தில் குறையில்லை. வலதைக் கழற்றினார். வெளிப்பக்கத்து பிரேக் பேடு நன்றாகத்தான் இருந்தது. உட்பக்கத்து பேடு தேய்ந்து நகத்தின் கனத்துக்கு வந்திருந்தது. சுழலும் டிஸ்க்கை இரு பேடுகளாலும் கவ்விப் பிடிக்கும் கேலிப்பர் நகர்வதற்கான சின்னக் கம்பிகள் துருப்பிடித்து இறுகிப்போனதால், அழுத்தத்தை எல்லாம் அந்த ஒரு பேடே வாங்கியிருந்தது. பேடு இந்த அளவுக்குத் தேய்ந்தால் ஓட்டுபவருக்குச் சொல்லவென்றே அதில் ஒரு சின்னத் தகரம் வைத்திருப்பார்கள். அது டிஸ்க்கில் உரசிக் கத்தும். இரண்டு வாரமாகக் கத்திக்கொண்டிருந்தது அதுதான். இன்னும் சில நாள் போயிருந்தால் இரும்பும் இரும்பும் உரசியிருக்கும்.

முப்பது வருடம் காதுக்குப் பக்கத்திலேயே கிரைண்டர் ஓட்டியவர். கனத்த சத்தங்களை எல்லாம் விட்டுவைத்த காது, கூர்மையான கீச்சுச் சத்தங்களை மட்டும் அவருக்குச் சொல்லாமலே தொலைத்துவிட்டிருந்தது. மெக்கானிக் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கை மட்டும் வேலையை மறக்கவில்லை. அந்தக் கம்பிகளைச் சுத்தம் செய்து, கிரீஸ் தடவி, விரலால் தள்ளினாலே நகரும்படி செய்தார். இரண்டு பக்கமும் புது பேடு மாட்டினார். டிஸ்க்கை வழவழவென்று துடைத்தார். ஆனால் சத்தம் போய்விட்டதா? அதை யார் கேட்டுச் சொல்வது? வண்டியை அப்படியே ஒப்படைத்துவிட்டு ‘தூசிதான் டீச்சர், தட்டிட்டேன்’ என்றால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. பெயர் பெயராகவே இருக்கும். கை கழுவி முடிக்கிறவரை அவர் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். பாவம், யாருக்குத்தான் அப்படித் தோன்றாது?

“இங்க பாரு, கொஞ்சம் வந்து பின் சீட்டுல உக்காரு,” என்றார் மனைவியிடம்.

அவர் எதற்கென்று கேட்கவில்லை. வந்து உட்கார்ந்தார். வண்டி மெல்ல நகர்ந்தது.

“சத்தம் வருதா?” சாலையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“இல்லீங்க.”

திருப்பத்தில் பிரேக்கை அழுத்தினார். “இப்ப?”

“சுத்தமா இல்ல.”

கொஞ்ச தூரம் போனதும் மனைவியே பேசினார். “நம்ம வீட்டு வாசல் மணிய மாத்தினேன் இல்ல?”

“கெட்டுப்போச்சுன்னு சொன்னியே.”

“கெடல. அது குருவி கத்துற மாதிரி கத்தும். யாராவது அடிச்சா நீங்க திரும்பக்கூட மாட்டீங்க. அதான் டங்குன்னு அடிக்கிறதா ஒண்ணு வாங்கி மாட்டினேன்.”

“எப்போ?”

“ரெண்டு வருஷம் ஆச்சு.”

“எங்கிட்ட சொல்றதுக்கு என்ன?”

“எப்படிங்க சொல்றது? ஊரே பாம்புக்காதுன்னு சொல்ற உங்ககிட்ட!”

மெக்கானிக் வண்டியை ஓரம் கட்டினார். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். மனைவி அவர் தோளில் கை வைத்தார்.

நான்கு மணிக்கு டீச்சர் வந்தார். மெக்கானிக் தேய்ந்த பேடை அவர் உள்ளங்கையில் வைத்தார். பெஞ்சில் இரண்டு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். இருக்கட்டும் என்று பேச ஆரம்பித்தார்.

“நீங்க வந்த முதல் நாளே இது கத்திக்கிட்டுதான் இருந்திருக்கு டீச்சர். எனக்குத்தான் கேக்கல. இப்ப அந்தப் பதிவப் போட்டாலும் கேக்காது. என் காது போச்சு. அது தெரியாம உங்களக் குத்தம் சொல்லிட்டேன்.”

டீச்சர் பேடைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என் பசங்க பின்னாடி உக்காந்துட்டுப் போனாங்க அண்ணா.”

“தெரியும். மன்னிச்சிடுங்க.”

திட்டட்டும் என்றுதான் நின்றார். டீச்சர் திட்டவில்லை. ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

“எல்லாச் சத்தமும் உங்களுக்குக் கேட்டுடும்னு ஊரே சொல்லுது. உங்களுக்கே கேக்கலன்னா கோளாறு எங்கிட்டதான்னு, போன வாரம் காது டாக்டர்கிட்ட போனேன். காது நல்லா இருக்குன்னு சொல்லிட்டாரு. அப்போ மூளைலதான் ஏதோன்னு நாலு நாளா தூக்கமே இல்ல. வீட்டுல யாருகிட்டயும் சொல்லல.”

மெக்கானிக் கையில் இருந்த துணியை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார்.

“அந்த டாக்டர் எங்க இருக்காரு டீச்சர்?” என்று கேட்டார்.