பழ நாளில் ஒரு கிழங்கு

வெந்த சர்க்கரைவள்ளியைச் சூட்டோடு டப்பாவில் போட்டு மூடி, மூன்று மணி நேரம் கழித்துத் திறந்தால், வெல்லமும் ஈரமண்ணும் கலந்ததுபோல ஒரு வாசம் எழும். மூன்றாம் வகுப்பில் நான் மூடியைத் தூக்கியதுமே அது கடைசி பெஞ்சு வரை போய்விட, பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு "கிழங்கு வந்துச்சிடா" என்பார்கள்.

எங்கள் பள்ளியில் புதன்கிழமை "ஃப்ரூட் டே". அன்று இடைவேளைக்குப் பழம் மட்டும்தான், அதுவும் பெரும்பாலும் ஆரஞ்சுச் சுளை. இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில், செய்த பாகங்களைச் சரிபார்க்கும் இன்ஸ்பெக்‌ஷன் வேலை பார்த்த அம்மா விடியுமுன் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். சேரப்பணஞ்சேரியில் எங்கள் மணல் கொல்லையில் விளைந்த கிழங்கு இட்லியோடு சேர்ந்தே வெந்துவிடும் என்பதால் எனக்கு எல்லா நாளும் அதுதான். புதன்கிழமை அதையே திறந்ததும் மிஸ் டப்பாவை மூடச் சொன்னார். "மண்ணுக்குள்ள இருந்து வர்றது பழமாம்மா? ஆரஞ்சுல எவ்ளோ சத்து தெரியுமா?" மூன்று புதன்கிழமைகள், மற்றவர்கள் மெல்லுவதைப் பார்த்தபடி பசியோடு உட்கார்ந்திருந்தேன், பிறகு வீட்டில் அழுதேன்.

"ஒரு ஆரஞ்ச வாங்கிக் குடுத்துட்டுப் போயேன், இன்னாத்துக்கு வம்பு" என்றார் அப்பா.

"கிழங்கு இன்னா தப்பு பண்ணிச்சி? எங்க லைன்ல ஒரு பீஸ ரிஜெக்ட் பண்ணா, செவப்பு டேக் கட்டி, காரணம் எழுதி, கையெழுத்துப் போடணும். சூப்பர்வைசரே ஆனாலும் சும்மா தூக்கிக் கடாச முடியாது" என்றாள் அம்மா.

எதில் எவ்வளவு சத்து என்று கம்பெனி நர்ஸம்மாவிடம் விசாரித்துவந்து, என் சிவப்பு சார்ட் பேப்பரைச் சீட்டாக வெட்டினாள். முன்பக்கம் "பொருள்: சர்க்கரைவள்ளி", அதன்கீழ் "ரிஜெக்ட் காரணம்", "கையெழுத்து" என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு வெற்றுக் கோடு. பின்பக்கம் முதல் வரியே "வைட்டமின் சி: ஆரஞ்சில்தான் அதிகம்" என்றிருந்தது. நான் பதறியதற்கு, "நம்மள்து எதுல கம்மியோ அத்த மொதல்ல எழுதணும்டி, அப்பத்தான் மீதிய நம்புவாங்க" என்றாள். மீதி, மாவுச்சத்து, நார்ச்சத்து, இரும்புச்சத்து மூன்றிலும் கிழங்கே முன்னால் என்பதும், மதியம் வரை பசி தாங்கும் என்பதும்.

டப்பாவில் நூல் கட்டித் தொங்கிய அந்தச் சீட்டை வழியிலேயே பிய்த்துப் போடலாமா என்றிருந்தது எனக்கு. மிஸ் படித்துவிட்டு, "பழம் அல்ல" என்று எழுதிக் கையெழுத்திட்டார். சாயங்காலம் அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பேரு வேறன்னுதான எழுதிக்கிறாங்க. சத்து இல்லன்னு எங்க கீது?"

அடுத்த புதனும் கிழங்குதான், புதுச் சீட்டோடு: "பழம் அல்ல, ஒத்துக்கொள்கிறோம். பிள்ளை பசியோடு இருக்கக் காரணம்?" மிஸ் பேனாவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். கடைசியில் அந்தக் கோட்டைக் காலியாகவே விட்டு, "சாப்பிடு. நான் தோத்துட்டேன்னு உங்கம்மாகிட்ட சொல்லிடாத" என்றார். மூக்கைப் பிடித்த அத்தனை பேரையும் பார்த்துக்கொண்டே, தோலோடு, மிச்சம் வைக்காமல் தின்றேன்.

எங்கள் கொல்லையில் இப்போது கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. படப்பைக் கடையில் வாங்கும் கிழங்கு எந்த ஊர் மண்ணோ தெரியாது. பள்ளிகளிலிருந்து வாராவாரம், டப்பாவில் என்ன கொடுத்தனுப்ப வேண்டும் என்று அச்சடித்த பட்டியல் வருகிறது, பெற்றோர் நாங்களும் தலையாட்டுகிறோம், எவரும் எவரையும் கேட்பதில்லை. ஆரஞ்சின் மேல் எனக்குக் கோபமில்லை, விரும்பியே தின்கிறேன். ஆனால் என் மகனின் டப்பாவை மூடச் சொல்பவர் யாராக இருந்தாலும், ஏன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சொல்லட்டும். அதுவரை அவன் மூட மாட்டான்.