ஓடைக்கரையில் ஒரு சிவப்பு வெளிச்சம்

இது ஒரு நர்ஸுக்கு நடந்தது. கேட்டவர்களில் பாதிப் பேர் சிரித்தார்கள். சிரிக்காதவர்கள் அவளுடன் வேலை பார்க்கும் நர்ஸ்கள்தான். குழந்தைகள் ஆஸ்பத்திரியில் தினமும் பிஞ்சுத் தலைகளை டேப் வைத்து அளப்பவர்கள் அவர்கள். அவள் சொன்ன ஓர் அளவு அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

அவள் கணவர் எலக்ட்ரீசியன். வெளிச்சம் என்றால் உயிர். காட்டில் ஓர் இரவு கூடாரம் போட்டுத் தங்குவது என்று முடிவானதும், கடையில் இருந்ததிலேயே பெரிய லாந்தரைத் தூக்கிக்கொண்டார். அவருடைய தங்கை கலர் கலராக மின்னும் சரவிளக்கை எடுத்தாள். போட்டோவுக்கு நன்றாக இருக்குமாம். நர்ஸ் மட்டும் தலையில் மாட்டும் ஹெட்லேம்ப் ஒன்று போதும் என்றாள். இரண்டு கையும் வேலை செய்ய மிஞ்சும். எலாஸ்டிக் பட்டையைத் தலைக்குத் தக்கபடி கூட்டலாம், குறைக்கலாம். வெள்ளை வெளிச்சம் ஒன்று, கண் கூசாத சிவப்பு ஒன்று.

பில் போடும்போது கடைக்காரர் சொன்னார். "பெரிய லைட்டு நல்லதுதான் சார். ஆனா அது பக்கத்துல உக்காந்தா வெளிய ஒண்ணும் தெரியாது. வெளிய இருக்கறவங்களுக்கு நீங்க நல்லாத் தெரிவீங்க."

"காட்டுல வெளிய யாரு இருக்கப் போறா?" என்றார் கணவர்.

அன்று அந்த வெட்டவெளியில் வேறு கூடாரமே இல்லை. ஒரு பக்கம் மரங்கள், மறுபக்கம் ஓடை. கூப்பிடு தூரத்தில் அவர்களுடைய கார். ஆறரைக்கெல்லாம் இருட்டு கவிந்துவிட்டது. கல்லின்மேல் வைத்த லாந்தர் சுற்றிலும் பகலாக்கியது. அதற்கு அப்பால் கறுப்புச் சுவர்தான்.

சாப்பிட்ட பாத்திரங்களைக் கழுவப் புறப்பட்டாள். கூடாரத்துக்குள் தொங்கவிட்டிருந்த ஹெட்லேம்ப்பை எடுத்து மாட்டினால்... தலையில் இறங்கவில்லை. உச்சியில் குல்லா மாதிரி நின்றது.

"என்ன விளையாட்டு இது?" என்றாள் நாத்தனாரிடம்.

"நான் தொடவே இல்ல அண்ணி."

குறும்பில் தங்கையும் அண்ணனும் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை. யாரோ ஒருவர் கைவரிசை என்று நினைத்து, பட்டையைத் தளர்த்தி மாட்டிக்கொண்டாள். நாத்தனாரும் கூட வந்தாள். கழுவிவிட்டு வந்து விளக்கைப் பழைய இடத்திலேயே தொங்கவிட்டாள். சிறிது நேரம் கழித்து ஸ்வெட்டர் எடுக்க உள்ளே போனாள்.

பட்டை மறுபடி இறுகியிருந்தது. ஈரமாகவும் இருந்தது.

இந்த முறை யாரையும் கேட்கவில்லை. அந்த வளையம் அவள் விரல்களுக்குப் பழகிய அளவு. கைப்பையில் எப்போதும் கிடக்கும் டேப்பை எடுத்து வைத்துப் பார்த்தாள்.

நாற்பத்தெட்டு சென்டிமீட்டர்.

இரண்டு வயதுக் குழந்தையின் தலை.

விளக்கை அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்து ஜிப்பை இழுத்து மூடினாள். கணவரின் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள். அவர் ஓடைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ எதுக்கு இப்ப தனியா ஓடைக்குப் போறா?"

"யாரு, நானா?" நாத்தனாரின் குரல் பின்னாலிருந்து வந்தது. "நான் இங்கதானே இருக்கேன்."

மூவரும் பார்த்தார்கள்.

கரையோரம் ஒரு சிவப்பு வெளிச்சம்.

நன்றாகத் தெரியட்டும் என்று கணவர் லாந்தரை அணைத்தார். இருட்டு முகத்தில் வந்து மோதியது. சிவப்பு மட்டும் நின்றது. தரையிலிருந்து அதிக உயரம் இல்லை. மெல்ல நகர்ந்தது. இப்படிச் சாய்ந்தது... அப்படிச் சாய்ந்தது... பொத்தென்று கீழே இறங்கியது. பிறகு தானாக எழுந்தது.

தத்தக்கா பித்தக்கா நடை. நர்ஸுக்கு அது தெரியாதா?

"குழந்தைங்க அது," என்று எழுந்தாள்.

கணவர் கையைப் பிடித்தார். "போகாத."

"தண்ணிப் பக்கம் போகுதுங்க."

உதறிவிட்டு ஓடினாள். கையில் செல்போன் வெளிச்சம்.

"கண்ணு... அங்கயே நில்லு. நான் வரேன்."

சிவப்பு நின்றது.

மெதுவாக அவள் பக்கம் திரும்பியது.

டிக்.

அணைந்தது.

கரையில் யாரும் இல்லை. முழங்கால் தண்ணீரில் இறங்கித் துழாவினாள். புதர்களை விலக்கினாள். கூழாங்கல்லும் தண்ணீர்ச் சத்தமும்தான்.

"அண்ணி..." நாத்தனார் கூப்பிட்டாள். "கூடாரத்தப் பாருங்க."

திரும்பினாள்.

கூடாரம் உள்ளிருந்து சிவப்பாக ஒளிர்ந்தது.

சர்ர்...

ஜிப். உள்பக்கமிருந்து.

நின்றது.

சர்ர்...

இழுக்கத் தெரியாத கை இழுப்பதுபோல்.

நர்ஸின் கால்கள் கூடாரத்தை நோக்கித்தான் போயின. கணவர் அவளை இடுப்போடு கட்டி, காருக்கு இழுத்துக்கொண்டு போனார். கூடாரம், லாந்தர், பாத்திரம், எல்லாம் கிடந்தது கிடந்தபடி. கார் நகர்ந்தபோது அவள் மட்டும் திரும்பிப் பார்த்தாள். சிவப்பு கூடாரத்துக்கு வெளியே வந்திருந்தது.

மலையடிவாரச் செக்போஸ்ட்டில் வண்டியை நிறுத்தினார்கள். வனக்காவலர் அவளுடைய ஈரப் புடவையைப் பார்த்தார். என்ன நடந்தது என்று கேட்கவில்லை.

"இங்க குழந்தை ஏதாவது காணாமப் போயிருக்கா?" என்று அவள்தான் கேட்டாள்.

"எனக்குத் தெரிஞ்சு ஒரு குழந்தையும் காணாமப் போனதில்லம்மா." கொஞ்சம் தயங்கினார். "வெளிச்சம் எவ்ளோ உயரத்துல இருந்துச்சு?"

அவள் தொடைப் பக்கம் கையை வைத்துக் காட்டினாள்.

அவர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"போன வருஷம் தங்கினவங்க, தரையை ஒட்டி வந்துச்சுன்னாங்க. தவழ்ற மாதிரி."

பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"இப்ப நடக்குதா?"